ஒற்றைத் தாளில் மணமகள், இரட்டைத் தாளில் மணமகன்

தாலி என்றால் குளிக்கும்போது கையில் தட்டுப்படும். அடுப்பூதக் குனிந்தால் முன்னால் வந்து ஆடும். கோபம் வந்தால் கழற்றி எறிந்துவிடுவேன் என்று மிரட்டவாவது உதவும். காகிதத்தில் செய்துகொண்ட கல்யாணத்தை எங்கே தொட்டுப் பார்ப்பது?

வடிவம்மாள் இதை நினைத்தாளே தவிர சொல்லவில்லை. எதிரே நின்ற கம்பெனிக் குமாஸ்தா கிராணி வில்லியம், அவள் கழுத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கலம்மா, கம்பெனி கேக்குது. புதுத் துரை வந்திருக்கார்லா. குடும்ப ரூம்ல குடும்பம்தான் இருக்கணும்ங்கிறார். தாலி இருந்தா தாலி. கோயில் சீட்டு, சர்ச்சு சீட்டு எது இருந்தாலும் சரி. ஒண்ணும் இல்லன்னா மாசக் கடைசியில சின்னையா ஒண்டிக்கட்டைக் கொட்டகைக்குப் போயிடணும். நீயும் பிள்ளையும்..."

"நானும் பிள்ளையும்?"

வில்லியம் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இன்னும் ரூல் வரல" என்றார்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி அது. சின்னையாவுக்குத் தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலை. டத்தோ கிராமாட்டில் கம்பெனி கட்டிவிட்ட வரிசை வீடுகளில் கோடி அறை அவர்களுடையது. அறை என்றால் அறைதான். கூடவே ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலுக்கு வடிவம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்துப் போட்டிருந்தாள். ஏழு வயது மகள் மீனாட்சி ஒழுகாத கூரையின் கீழ்தான் பிறந்தாள், ஒழுகாத கூரையின் கீழ்தான் வளர்ந்தாள். பினாங்கு மழைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தாலி இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு சங்கம்.

பினாங்கு தமிழர் சமத்துவச் சங்கம் என்று ஒன்று சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டில் இருந்தது. சாதி ஒழிப்பு, கள் ஒழிப்பு, சடங்கு ஒழிப்பு, பெண் விடுதலை நான்கும் அங்கே வாரத்துக்கு ஒன்றாக முறை வைத்து நடந்தன. எட்டு வருஷத்துக்கு முன், பெண் விடுதலை வாரத்தில், வடிவம்மாளுக்கும் சின்னையாவுக்கும் அங்கே கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாலி இல்லை. பேச்சு மட்டும் உண்டு. பேச்சு முடிவதற்குள் சோறு ஆறிவிட்டது.

அன்று சங்கத் தலைவர் வேலுப்பிள்ளை மேசையைத் தட்டிச் சொன்னார்: "தாலி ஒரு கயிறு. கயிறு அறும். இந்தப் பதிவேடு அறாது. தாயே, இதுவே உனக்குத் தாலி!"

துணைத் தலைவர் பாக்கியசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் பெயரை எழுதுவதே ஏற்றத்தாழ்வின் ஆரம்பம் என்று கண்டுபிடித்தவர் அவர். அதனால் சங்கப் பதிவேட்டில் மணமகளுக்கு ஒரு முழுத் தாள், மணமகனுக்கு அடுத்த முழுத் தாள். பின்பக்கம் எழுதக் கூடாது. எழுதினால் ஒருவர் முதுகில் இன்னொருவரை ஏற்றியதாகிவிடும். 'இன்னாரை மணந்தேன்' என்றும் எழுதக் கூடாது. அது உடைமை மனப்பான்மை. 'மணம் செய்துகொண்டேன்' என்றால் போதும். பெண்ணின் தாளில் பெண், ஆணின் தாளில் ஆண்.

வடிவம்மாளுக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவே எழுதப் பழகி, அரிசிச் சாக்கில் கரியால் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தவள் அவள். தாலி வேண்டுமா என்று கூட்டத்துக்கு முன்னால் கேட்டபோது, "வேணாம்" என்று அவள் சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்டது. அவ்வளவு சத்தமாக அவள் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

ஆகவே கிராணி கேட்டதும் அவள் பயப்படவில்லை. மீனாட்சியை அழைத்துக்கொண்டு தன் தாலியைப் பார்த்துவரக் கிளம்பினாள்.

*

கடைவீட்டு வாசலில் இப்போது இரண்டு பலகைகள் தொங்கின. கீழே 'ஆதி சமத்துவச் சங்கம்', மாடியில் 'அசல் சமத்துவச் சங்கம்'. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஹனீபா பாய்தான் விவரம் சொன்னார்.

"ரெண்டு வருஷம் ஆச்சே புள்ள, உனக்குத் தெரியாதா? கொள்கைச் சண்டை."

"என்ன கொள்கை பாய்?"

"ஆண்டுவிழா போட்டோவுல நடு நாற்காலியில யாரு உக்காருறதுன்னு."

நாற்காலியில் தொடங்கிய கொள்கை, பாகப்பிரிவினையில் முடிந்தது. சமத்துவச் சங்கம் ஆனதால் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பெஞ்சுகள் பாதி, விளக்குகள் பாதி. ஒற்றையாக இருந்த கடிகாரத்தில், முள் கீழே, பெட்டி மேலே. வீட்டை மாடி, கீழ் என்று பிரித்தபோது மாடிப்படி யாருடையது என்ற கேள்வி வந்தது. அது கீழே ஆரம்பித்து மேலே முடிவதால் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை மாடிச் சங்கத்தார் பக்கத்துச் சீனரின் சவப்பெட்டிக் கடைக்குள் நுழைந்து, அவர் மாடிக்கு ஏறி, இடைக்கதவு வழியாகத் தங்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆவணங்களைப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. யாருக்கும் ஒரு தாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடைசியில் எல்லாப் புத்தகங்களின் தையலையும் பிரித்து, ஒற்றைப்படைத் தாள்களைக் கீழே வைத்துக்கொண்டு, இரட்டைப்படைத் தாள்களை மாடிக்குக் கொடுத்தார்கள். இதைவிட நியாயமான பிரிவினை மலாயாவில் நடந்ததில்லை என்று இரு தரப்பும் ஏகமனதாக ஒப்புக்கொண்டன. அவை ஏகமனதாக ஒப்புக்கொண்ட கடைசி விஷயமும் அதுதான்.

"புருஷன் பாதி, பிள்ளை பாதின்னு பங்கு போட்டாலும் ஒரு நியாயம் இருக்கு" என்றார் ஹனீபா பாய், தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றியபடி. "காகிதத்துக்கு என்ன புள்ள பாத்தியதை?"

வடிவம்மாள் சிரித்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

கீழ்ச் சங்கத்தில் வேலுப்பிள்ளை அவளை வாய் நிறைய வரவேற்றார்.

"வா தாயே. என்னைத் தெரிகிறதா? சாதிப் பட்டம் துறந்த வேலுப்பிள்ளை."

அவர் தன்னை எப்போதும் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார். பட்டத்தைத் துறந்ததை அவர் சொல்லிச் சொல்லித்தான், அவருக்கு என்ன பட்டம் இருந்தது என்பது தெரியாதவர்களுக்கும் தெரிந்தது.

அலமாரியைத் திறந்தார். உள்ளே சங்கத்தின் மணப்பெண்கள் எல்லோரும் அடுக்கடுக்காக இருந்தார்கள். மாப்பிள்ளை ஒருவர்கூட இல்லை. வடிவம்மாளின் தாளைத் தேடி எடுத்தார். அவளுடைய கையெழுத்து அப்படியே இருந்தது. கடைசி 'ள்' அகலமாக, வால் நீண்டு, தாளின் ஓரம்வரை போயிருந்தது. இவ்வளவு இடம் எனக்கா என்று ஆசைப்பட்டு எழுதிய எழுத்து. அதை எழுதிய அந்தப் பெண்ணை வடிவம்மாளுக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, பழக்கம் விட்டுப்போன மாதிரியும் இருந்தது. அவளிடம் ஏதோ கேட்க வேண்டும் போல் இருந்தது.

"அம்மா, இது நீ எழுதுனதா? வால் கோணலா இருக்கு" என்றாள் மீனாட்சி.

வேலுப்பிள்ளை சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார்: 'வடிவம்மாள் என்பார் இச்சங்கத்தில் மணம் செய்துகொண்டார்.'

"யாரை மணந்தேன்னு போடலீங்களே ஐயா?"

"எங்கள் தாள்களில் எந்த ஆணும் இல்லை, தாயே. இல்லாததை எழுதினால் அது வரலாற்றுக்குத் துரோகம். மாடிக்குப் போனால் அந்த மனிதர்கள் கொடுப்பார்கள். போனால், நான் அனுப்பினேன் என்று சொல்லாதே."

சவப்பெட்டிகளுக்கு நடுவே பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்து மீனாட்சி மாடிக்கு வந்து சேர்ந்தாள். பாக்கியசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைகள் நிறைந்த அலமாரியின் முன் குறுக்கே நின்றார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. நீங்கள் கேட்பது ஓர் ஆணின் தாள். அதைப் பார்க்க அவருக்கே உரிமை. பெண் ஆணுக்கு அடிமை அல்ல என்று முழங்கியவன் நான். ஆணும் பெண்ணுக்கு அடிமை ஆகக் கூடாதல்லவா?"

ஆகவே சின்னையா அரைநாள் வேலையை விட்டு வந்தான். அவனுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது: 'சின்னையா என்பார் இச்சங்கத்தில் மணம் செய்துகொண்டார்.'

இரண்டையும் வில்லியத்தின் மேசையில் வைத்தார்கள். வில்லியம் ஒன்றைப் படித்தார். மற்றதைப் படித்தார். மறுபடி முதலாவதை எடுத்தார். முகம் மெல்ல மாறியது.

"வடிவு, இது ரொம்ப சிக்கலாயிடுச்சும்மா."

"ஏங்க?"

"முன்னாடி நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் ஆகாதவங்க. அவ்வளவுதான் சங்கதி. இப்ப பாரு, நீ கல்யாணம் ஆனவ. இவரும் கல்யாணம் ஆனவர். ஆனா ஒருத்தரை ஒருத்தர்தான் கட்டுனீங்கன்னு எங்கயும் இல்ல. துரை பாத்தா, அடுத்தவன் பெண்டாட்டி அடுத்தவ புருஷனோட கம்பெனி ரூம்ல இருக்கான்னு எழுதிடுவார்லா."

சின்னையா பலமாகச் சிரித்தான். தொங்கானில் வேலை செய்பவனுக்கு எல்லாமே கொஞ்சம் ஆடும். அவன் அதற்குப் பழகியவன். "என்ன வடிவு, என் பெண்டாட்டி எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்றான் வீட்டுக்குப் போகும் வழியில்.

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவன் சட்டையை அலசும்போது ஒரு கணம் கை நின்றது. இது யாருடைய சட்டை என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. வில்லியத்தின் குரல்தான். எட்டு வருஷமாக ஒரு கேள்வியும் இல்லாமல் அலசிய சட்டை. காகிதம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. சட்டையை வேண்டியதற்கு மேலேயே அடித்துத் துவைத்தாள்.

*

இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்து வில்லியத்துக்குக் காட்டினால் போதும் என்று ஹனீபா பாய் யோசனை சொன்னார். தாள்களில் பழைய வரிசை எண் இருந்தது. அடுத்தடுத்த எண் என்றால் கிராணிக்கு விளங்கிவிடும். ஆனால் கீழ்த் தாள் மாடிக்குப் போனால் அது சரணாகதி. மாடித் தாள் கீழே வந்தால் அது வீழ்ச்சி. கடைசியில் பொது இடம் என்று சவப்பெட்டிக் கடையை முடிவு செய்தார்கள்.

குறித்த நாளில் வேலுப்பிள்ளை தாளைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு இந்தப் பக்க வாசலில் நின்றார். பாக்கியசாமி தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கப் படியில் நின்றார். முதலில் உள்ளே வருபவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருப்பவர் தாழ்ந்தவர். எனவே இருவரும் அசையவில்லை. நடுவே வில்லியமும் வடிவம்மாளும் ஒரு பெட்டியின் இரு பக்கமும் நின்றார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்த சீனர், ஆளுக்கொரு நாற்காலி போட்டு, பூசணி விதையும் தேநீரும் கொண்டுவந்து வைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். விதை தீர்ந்தது. வில்லியம் ஆபீசுக்குப் போய்விட்டார்.

போகிற வழியில் வேலுப்பிள்ளை வடிவம்மாளைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தாயே, வீணாக ஏன் அலைகிறாய்? ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டால் முடிந்தது. எங்கள் வீட்டு அம்மாள்கூடக் கட்டியிருக்கிறாள். நல்ல கனம். பெண்கள் இன்னும் பக்குவப்படவில்லை, நானும் வற்புறுத்துவதில்லை."

கட்டிக்கொள்ளலாம்தான். வடிவம்மாளுக்குத் தாலியோடு பகை ஒன்றும் இல்லை. பக்கத்து அறை லெட்சுமியின் தாலி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். இப்போது கயிற்றைக் கட்டினால் அந்த வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னது என்று ஆகிவிடும். சொன்னவளும் விளையாட்டுப் பொம்மை என்று ஆகிவிடும். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? "பாக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாசக் கடைசி நெருங்கியது. ஆயர் ஈத்தாமில் பாசார் சந்தைக்குப் பின்னால் தன் மச்சானுக்கு ஓர் அறை இருப்பதாக ஹனீபா பாய் சொன்னார். கூரை ஒழுகும். துறைமுகத்துக்கு வெகு தூரம். விடியுமுன் சின்னையா கிளம்ப வேண்டும். "அது கடைசிக்கு வச்சுக்குவோம் பாய்" என்றாள் வடிவம்மாள்.

அப்போதுதான் நல்ல செய்தி வந்தது. சங்கங்கள் ஒன்றுசேரப்போகின்றன.

சமரசம் எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் போட்டோ எடுக்க வருவதாகவும், அவர் ஒரே ஒரு சங்கத்தைத்தான் எடுப்பார் என்றும் பேசிக்கொண்டார்கள். நடு நாற்காலியே இல்லாதபடி இரட்டை எண்ணில் நாற்காலி போடுவது என்று முடிவாகிவிட்டது. ஆவணங்களை யார் யாரிடம் ஒப்படைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. ஒப்படைப்பவர் தோற்றவர் ஆவார் அல்லவா? அதற்கும் வழி கண்டார்கள். பழைய ஆவணங்கள் எல்லாமே இனிச் செல்லாது. அவற்றை மரியாதையாக ஒரு பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டு, புதுச் சங்கம் புதுப் பதிவேட்டின் முதல் தாளிலிருந்து தொடங்கும்.

பெட்டி தேடி எங்கேயும் அலையவில்லை. பக்கத்துச் சீனரிடம் கரையான் அரிக்காத நல்ல மரத்தில் இருந்தது.

ஒருங்கிணைப்பு மாநாட்டின் முதல் நிகழ்ச்சியாக வடிவம்மாள், சின்னையா திருமணம் நடக்கும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

"மறுபடியுமா?" என்றான் சின்னையா.

"மறுபடி இல்லை" என்று வேலுப்பிள்ளை திருத்தினார். "முதல் முறை. பழையதுதான் செல்லாதே. கிராணியையும் அழைத்திருக்கிறோம். அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். அறை உங்களுக்கு நிச்சயம்."

வடிவம்மாள் அறையின் ஜன்னலை நினைத்துக்கொண்டாள்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் பாக்கியசாமி. இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் முடித்துவைத்தார்கள். "குழந்தையை அன்றைக்குக் கூட்டத்தில்..."

"...உட்கார வைக்க வேண்டாம்" என்றார் வேலுப்பிள்ளை. "பார்க்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள்."

*

மாநாட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஓரத்தில், மாலை போட்ட சவப்பெட்டிக்குள் சங்கத்தின் வரலாறு இருந்தது. மணப்பெண்கள் எல்லோரும் மாப்பிள்ளைகள் எல்லோரோடும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள், ஆணியும் அடித்தாகிவிட்டது. மீனாட்சி வாசலுக்கு வெளியே ஹனீபா பாயின் தேத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தாள். முன் வரிசையில் வில்லியம் புதுக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

வேலுப்பிள்ளை பேசினார். "தோழர்களே! நாங்கள் ஏன் பிரிந்தோம்? மக்களுக்காக. ஏன் சேர்ந்தோம்? அதே மக்களுக்காக. இடையில் மக்கள் எங்கே போனார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இதோ, ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறோம்!"

கைதட்டல் எழுந்தது. பாக்கியசாமி எழுந்தார். "இந்த ஏழைப் பெண் இதுநாள்வரை மணவாழ்வின் பாதுகாப்பு இல்லாமல் ஓர் ஆணோடு வாழ்ந்தாள். நம் சங்கம் அவளைக் கைதூக்கி விடுகிறது!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். சின்னையாவும் பழக்கதோஷத்தில் தட்டத் தொடங்கி, அந்த ஆண் தான்தான் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

புதுப் பதிவேடு வந்தது. முதல் தாளில் முன்னாலேயே எழுதிவைத்திருந்தார்கள். வடிவம்மாள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். 'இதுநாள்வரை மணமாகாதவளாகிய வடிவம்மாள் என்னும் நான்...' அதன் கீழே கையெழுத்துக்குச் சின்னதாக ஒரு கோடு. நீண்ட வாலுக்கு அதில் இடம் இல்லை.

பேனாவை அவள் கையில் வைத்தார்கள்.

அரிசிச் சாக்கின் முன் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை வடிவம்மாள் நினைத்தாள். அவள் ஆணியடித்த பெட்டிக்குள் இருக்கிறாள். அவளையும் பொய்யாக்கி, வாசலில் கச்சான் தின்கிறவளையும் பொய்யாக்கி, ஒரு ஜன்னலை வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஜன்னல்தான். மழைச் சாரல்கூட உள்ளே அடிக்காது.

"நான் கல்யாணம் ஆனவங்க" என்றாள்.

"அது பழைய..." என்று ஆரம்பித்தார் பாக்கியசாமி.

"ஆமாங்க. பழசுதான். எட்டு வருஷம்." இந்த முறை அவள் குரல் மேடையைத் தாண்டவில்லை. "இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

முன் வரிசையில் வில்லியம் காலண்டரைத் தேடினார். மண்டபத்தில் காலண்டர் இல்லை. வடிவம்மாள் சின்னையாவைத் திரும்பிப் பார்த்தாள். போய்விட்டதே அறை என்று அவன் முகத்தில் வருமா என்று பார்த்தாள். அவன் மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சவப்பெட்டி மேல் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கத்தினான்:

"பாய்! ஆயர் ஈத்தாம்லேர்ந்து காலையில முதல் பஸ் எப்ப?"

"விடியுறதுக்கு முன்னாடி இருக்கு தம்பி!"

"நம்மளுக்குப் போதும்லா!"

மேடையில் இரு தலைவர்களும் குனிந்து கிசுகிசுத்தார்கள். மறுப்பு ஒரு பெண்ணுடையது என்பதால் ஒற்றைத் தாளில் எழுத வேண்டும் என்றார் ஒருவர். ஒற்றை என்று பேசுவதே பழைய பிரிவினைப் புத்தி என்றார் மற்றவர். நாற்காலிகள் நகர்ந்தன. நல்லவேளையாக ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து ஒன்றாக இருந்தது. வேலுப்பிள்ளை அதற்குள் மேடைப்படியில் கால் வைத்துவிட்ட வடிவம்மாளின் பின்னாலேயே ஓடிவந்தார்.

"தாயே, போகிறதென்றால் போ. ஆனால் மறுக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. ஆவணத்துக்கு வேண்டும்."

பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. வடிவம்மாள் அதைப் பார்த்தாள். மை காய்ந்துபோகாமல் மூடியைத் தேடிப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"வேணாங்கய்யா" என்றாள்.